லைன் க்ளியர்

ஆடி மாதம், இரவு ஒன்றே முக்கால்.
சேரம்பாடி துணைமின் நிலையத்தில் போன் அடிக்கிறது.
"லைன் போச்சுங்க."
எந்த லைன்?
"எங்க லைன்தான்."
வீடா கம்பியா என்று
நான் கேட்க வேண்டியிருக்கிறது.
இந்த மலையில் மழைக்கு
இரண்டும் விழும்.

நான் பிறந்தது எட்டாம் நம்பர் லைன்.
பத்து வீட்டுக்கு ஒரே கூரை.
நாலாவது வீட்டில் மிளகாய் கிள்ளிப் போட்டால்
ஏழாவது வீட்டில் தும்முவோம்.
லைன் என்றால் கோடு என்றார் மிஸ்.
அப்ப நாங்க கோட்டிலயா இருக்கோம் என்றேன்,
வகுப்பே சிரித்தது.
மிஸ் தினமும் கூடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்,
எங்கள் லைனை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்.
அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால்
கோடுதான்.

தலைமன்னாரில் அப்பா கப்பலேறியபோது
கொண்டுவந்த சாமான்களுக்குப் பட்டியல் இருக்கிறது,
முத்திரை வைத்தது:
பித்தளை அண்டா ஒன்று, கம்பளி இரண்டு,
தையல் மெஷின் ஒன்று, கைப்பிடி உடைந்தது.
இந்தச் சொல்லை யாரும் அதில் எழுதவில்லை.
மண்டபம் கேம்ப் தாண்டி, மலையேறி,
கொடுத்த வீட்டுக்கு முன்னால் நின்று
அப்பாவாகவே சொன்னாராம்,
"இங்கயும் லைனா."

பதினாறு வயதில்
கொளப்பள்ளி பஸ்ஸில் ஒருவன்
எனக்கு லைன் விடுவதாகப் புனிதவதி சொன்னாள்.
விடுவது, போடுவது, அடிப்பது என்று
பையன்களிடம் அதற்கு எத்தனையோ வினை.
எங்களுக்கு ஒன்றுதான்,
ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது.
அவன் அந்த வருஷமே திருப்பூர் போய்விட்டான்.
அங்கே எந்த லைன்ல இருக்கே என்று கேட்டால்
காலர் லைன் என்று சொல்ல வேண்டுமாம்.

மண்ணெண்ணெய்க்கு அம்மா நின்றது கியூ.
ஆதாருக்கு நான் நின்றது லைன்.
எப்போது மாறியது தெரியாது,
முழங்கால் வலி மாறவில்லை.

ஓய்வு பெற்ற மாதமே அப்பாவுக்குக் கடிதம் வந்தது,
லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி.
வேறு வீடு வேண்டுமென்றால்
ஆன்லைனில் போடுங்க என்றான் கவுண்டர் பையன்.
"முப்பத்தெட்டு வருஷமா அதுலதாண்டா இருக்கேன்"
என்றார் அப்பா.
பையனுக்குப் புரியவில்லை.
அப்பா பகடி செய்தாரா இல்லையா என்று
எனக்கும் இன்றுவரை தெரியாது.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்,
அந்தச் சொல்லுக்கு ஒரு ரிஜிஸ்டர் இருப்பதை.
லைன் க்ளியர்.
கேட்டவர் பெயர், கொடுத்தவர் பெயர், மணி, நிமிஷம்.

ஜெயசீலன் கூப்பிடுகிறார்.
சில்வர் ஓக் சாய்ந்து கம்பிமேல் கிடக்கிறது.
"நாலாம் ஃபீடர் எல்.சி. குடுங்க மேடம்."
பிரேக்கரை எடுத்தேன், எர்த் போட்டேன்,
பூட்டினேன், சாவியை இடுப்பில் செருகினேன்.
நான் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னார்.
அவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்.
கம்பியில் உயிர் இல்லை,
ஏறலாம் என்பதைத் தவிர
அந்த நேரத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

"லைன்லயே இருங்க மேடம், பக்கத்துல ஆனை நிக்குது."
இருந்தேன்.
மழை கேட்டது. மரம் அறுப்பது கேட்டது.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பது நிமிஷம்.
இன்னொரு போனில் ஊரே கேட்கிறது
கரண்ட் எப்ப வரும், எப்ப வரும்.
ஒருவர் என் அம்மாவை இழுத்துத் திட்டினார்.
சாவி இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது.

மூன்று இருபதுக்குத் தெரியாத நம்பர்.
"ஜெயசீலன். நாலாம் ஃபீடர். எல்.சி. ரிட்டர்ன்."
திருப்பிச் சொல்லுங்க என்றேன்.
சொன்னார்.
இன்னொரு தடவை என்றேன்.
"என்னங்க மேடம், நனைஞ்சுகிட்டு நிக்கிறேன்."
அந்த எரிச்சலைக் கேட்ட பிறகுதான்
சாவியை எடுத்தேன்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
மரம் அகற்றப்பட்டது, மின்சாரம் கொடுக்கப்பட்டது.
யானையை எழுத இடமில்லை.
குறிப்புக்கு ஒரே ஒரு லைன்தான்
விட்டிருக்கிறார்கள்.